ஒளி பட்ட கணத்தைப் பார்க்கப் போகும் பிள்ளைக்கு

நீ லேசர் ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒளி பட்டதும் ஒரு மூலக்கூறுக்குள் என்ன நடக்கிறது, எந்தப் பிணைப்பு முதலில் அறுகிறது, எந்த அணு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதிலேயே என் வாழ்நாள் போயிற்று. கருவியை எப்படித் திருகுவது என்று சொல்லித்தர அங்கே ஆட்கள் இருப்பார்கள். என்னிடம் கொடுப்பதற்கு இருப்பவை என் பிழைகள். அவற்றை எண்ணிப் பார்த்தால், கணக்குத் தெரியாமல் செய்தவை கொஞ்சம். ஆசையால் செய்தவைதான் நிறைய. நாம் தேடும் சிக்னல் பெரும்பாலும் நூற்றில் ஓரிரு பங்கு மாற்றம்தான். அவ்வளவு சின்ன இடத்தில் உண்மைக்கு முந்தி ஆசை வந்து உட்கார்ந்துகொள்ளும், கண்ணு. அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படி.

1. அளவுகள் முதலில் உன் உடம்பில் ஊற வேண்டும். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ விநாடி. ஒரு ஃபெம்டோ விநாடிக்கு முன்னால் ஒரு விநாடி எவ்வளவு பெரியதோ, ஒரு விநாடிக்கு முன்னால் 3 கோடியே 17 லட்சம் வருடம் அவ்வளவு பெரியது. மூலக்கூறுக்குள் அணுக்கள் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஒரு மீட்டரை ஆயிரம் கோடியாக வெட்டினால் கிடைக்கும் ஒரு துண்டு ஓர் ஆங்ஸ்ட்ராம். அந்தத் தூரத்தை அந்த வேகத்தில் கடக்க 100 ஃபெம்டோ விநாடி பிடிக்கும். பிணைப்புகள் அறுவதும் சேர்வதும் இந்தக் கணக்குக்குள்தான். என் ஆசிரியர் காலையில் ஆய்வகக் கதவிலேயே என்னை நிறுத்தி, "இந்தக் கதவின் அகலத்தைக் கடக்க ஒளிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்பார். 90 சென்டிமீட்டர், 3 நானோ விநாடி. "சட்டைப் பித்தான்?" 40 பிக்கோ விநாடி. "தலைமுடி?" 230 ஃபெம்டோ விநாடி. விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் போனபின், ஒளியைத் தாமதப்படுத்தும் டிலே ஸ்டேஜில் கண்ணாடியை ஒரு மைக்ரான் தள்ளினால் ஒளி போய்த் திரும்பும் பாதை இரண்டு மைக்ரான் கூடும், அதனால் 7 ஃபெம்டோ விநாடி தாமதம் ஆகும் என்பது என் விரலுக்கே தெரிந்திருந்தது.

2. ஓடும் குதிரையின் கதையை மறக்காதே. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையில், 1878 ஜூனில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். குதிரை ஓடும் வழியில் குறுக்கே நூல் கட்டி, அது இடற இடறப் படம் எடுத்தார். ஓட்டத்தில் நாலு குளம்பும் ஒருசேரத் தரையை விட்டு எழும்புகின்றன என்று அதில் தெரிந்தது. இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது இன்னொன்று. அதுவரை ஓவியர்கள் அந்த அந்தரக் கணத்தை, முன்னங்கால்கள் முன்னாலும் பின்னங்கால்கள் பின்னாலும் நீண்டு விரிந்ததாக வரைந்து வந்தார்கள். படத்திலோ நாலு காலும் வயிற்றுக்கடியில் மடங்கிக் குவிந்திருந்தன. தலைமுறை தலைமுறையாக நல்ல கண்கள் பார்த்தும் தப்பாகவே பார்த்திருக்கின்றன. அந்தப் பண்ணை நிலத்தில் பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எழுந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மென்லோ பார்க்கில், எஸ்.எல்.ஏ.சி. ஆய்வகத்தின் எல்.சி.எல்.எஸ். என்னும் எக்ஸ் கதிர் லேசர் 2009-ல் முதன்முதலாக ஒளிர்ந்தது. குதிரை இருந்த இடத்துக்கு மூலக்கூறு வந்தது. நீ பார்க்கப் போகும் வினைக்கும் பாடப்புத்தகத்தில் யாரோ அழகாக அம்புக்குறி போட்டு வைத்திருப்பார்கள். அம்புக்குறிக்கு மரியாதை கொடு. அதற்காகப் படத்தை வளைக்காதே.

3. பூஜ்ஜியத்தை விட்டுக்கொடுக்காதே. நம் வேலைக்கு இரண்டு ஒளித் துடிப்புகள். முதலாவது மூலக்கூறைத் தட்டி எழுப்பும். அதைப் பம்ப் என்போம். இரண்டாவது, ப்ரோப், கொஞ்சம் பொறுத்து வந்து படம் எடுக்கும். இரண்டும் ஒரே கணத்தில் மூலக்கூறைத் தொடும் நிலைதான் டைம் ஜீரோ. மற்ற எல்லாக் காலமும் அதிலிருந்துதான் எண்ணப்படுகிறது. ஒரு முறை, இரவு ஷிஃப்டில், பம்ப் ஒளி கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே என்று அதன் பாதையில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி ஃபில்டர் ஒன்றை வைத்தேன். கைக்கு அடக்கமான சின்னத் துண்டு. கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகத்தான் போகும். அந்த ஒரு மில்லிமீட்டர், டைம் ஜீரோவை 1,700 ஃபெம்டோ விநாடி நகர்த்திவிட்டது. நாங்கள் தேடிக்கொண்டிருந்ததோ 100 ஃபெம்டோ விநாடி நிகழ்வு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் முதல் நாலு மணி நேரம், மூலக்கூறு விழிப்பதற்கு முன்னால் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

கேள், இதற்கு மேல்தான் விஷயம் இருக்கிறது. நாலாவது மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கை வியர்த்தது. குழுவில் ஏழு பேர், எல்லோரும் என்னைவிடப் பெரியவர்கள். "ஃபில்டர் நான்தான் வைத்தேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. யாரும் பார்க்காமல் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து எடுத்தும்விட்டேன். டைம் ஜீரோ பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆனால் நடுவில் வேறொருவர் ஏன் சிக்னல் வரவில்லை என்று தேடி ஸ்டேஜை நகர்த்தியிருந்தார். இப்போது எங்கே பூஜ்ஜியம் என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் இருந்த எட்டு மணி நேரமும் போயிற்று. ஃபில்டர் எடுத்துக்கொண்டது நாலு மணி நேரம். என் மௌனம் எடுத்துக்கொண்டது எட்டு. தப்பு நடந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லிவிடு, கண்ணு. திட்டு ஐந்து நிமிடம்தான் இருக்கும்.

4. சின்ன மூலக்கூறில் தொடங்கு. அகமது ஜெவய்ல் 1987-ல் கால்டெக்கில் பிணைப்பு அறுவதை நேரடியாகப் பின்தொடர்ந்தபோது எடுத்துக்கொண்டது அயோடின் சயனைடு; மூன்றே அணுக்கள். அயோடினும் சயனைடும் பிரிந்து போகச் சுமார் 200 ஃபெம்டோ விநாடி ஆனது. அடுத்துச் சோடியம் அயோடைடு, இரண்டே அணுக்கள். அவை நெருங்கியும் விலகியும் ஊசலாட, ஒவ்வோர் ஊசலிலும் ஒரு பங்கு பிரிந்து தப்பிப்போவதைக் கண்டார். அவருக்கு 1999-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த எளிய ஜோடிகளில் தொடங்கிய பாதையால்தான். நான் தொடங்கியது அறுபது அணுக்கள் கொண்ட ஒரு சாயத்தில். பெரிய மூலக்கூறு என்றால் பெரிய பெயர் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து ஆசிரியர் என் கையில் ஒரு குப்பி அயோடினைக் கொடுத்து, "எல்லோருக்கும் விடை தெரிந்த கணக்கை முதலில் சரியாகப் போட்டுக் காட்டு" என்றார். போட்டேன். என் அமைப்பில் மூன்று கோளாறுகள் அந்த ஒரு வாரத்தில் வெளியே வந்தன.

5. நீ கண்டதைத் தலைகீழாகவும் கண்டு பார். ஒரு முறை நான் ஓர் அதிர்வைக் கண்டுபிடித்தேன். ஒளி பட்ட பிறகு சிக்னல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, 500 ஃபெம்டோ விநாடிக்கு ஒரு முறை அலையாக வந்தது. அவ்வளவு அழகான அலை. மூலக்கூறின் எலும்புக்கூடே மடங்கி விரிகிறது என்று எழுதி, கட்டுரைக்குத் தலைப்புக்கூட வைத்துவிட்டேன். அறையில் எனக்கு இரண்டு வருடம் மூத்த அக்கா ஒருவர் இருந்தார். வரைபடத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதையே பின்னாலிருந்து முன்னால் அளந்து பார்த்தாயா தம்பி?" அளந்தேன். மேடு இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. மூலக்கூறின் அதிர்வு என்றால், எந்தத் திசையில் அளந்தாலும் அதன் இடத்தில் அது இருக்க வேண்டும் அல்லவா?

இரவு முழுக்க அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் சத்தமில்லாத நேரத்தில்தான் கேட்டது. கூரையில் ஏ.சி. ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு சுற்றுக்கு 20 நிமிடம். நான் ஒவ்வொரு தாமதத்துக்கும் 2 நிமிடம் அளந்து, 50 ஃபெம்டோ விநாடியாக வரிசையாகக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 20 நிமிடத்தில் பத்து அடி. பத்து அடிக்கு 500 ஃபெம்டோ விநாடி. அறை சூடேறி ஆறும்போது கண்ணாடிகளின் தாங்கிகள் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கின்றன. அதைத்தான் நான் மூலக்கூறின் நடனம் என்று எழுதியிருந்தேன். அன்றிலிருந்து தாமதங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுத்தான் அளப்பேன். முதலில் 300, அடுத்து மைனஸ் 100, அடுத்து 2,000. நீயும் அப்படியே செய். கலைத்தபின் அறையின் ஏற்ற இறக்கம் வெறும் இரைச்சலாகச் சிதறிவிடும். மூலக்கூறின் அதிர்வு மட்டும் வரிசை தப்பாமல் எழுந்து நிற்கும். அந்த அக்காவுக்கு நான் நன்றி சொன்னது பத்து வருடம் கழித்துத்தான். நீ அவ்வளவு தாமதிக்காதே.

6. ஒளியைக் கூட்டும் குமிழியிடம் எச்சரிக்கையாக இரு. சிக்னல் மெலிந்திருக்கும். பம்ப் லேசரின் பலத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சட்டென்று கொழுத்துவிடும். பக்கத்தில் நிற்கிறவர்கள் முகமும் மலரும். ஆனால் வெயிலில் ஒரு மூலக்கூறு ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டானைத்தான் விழுங்குகிறது. நீ பலத்தை ஏற்றினால் அது இரண்டை, மூன்றை விழுங்கி வேறொரு பாதையில் ஓடும், எலெக்ட்ரானைக்கூடக் கக்கிவிடும். நீ படம் எடுப்பது அப்புறம் வேறு வினை. தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபின் புரதத்தின் கதையைப் படித்துப் பார். அதன் இரும்போடு கார்பன் மோனாக்சைடு பிணைந்திருக்கும்போது ஒளி பட்டால் அந்தப் பிணைப்பு அறும். புரதம் முழுக்க அந்த அதிர்ச்சி பரவும். இதை எக்ஸ் கதிர் லேசரால் பார்த்து 2015-ல் ஒரு குழு வெளியிட்டது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் பிறகு மீண்டும் போய், ஒளியின் பலத்தைக் குறைத்தும் கூட்டியும் அளந்து, பலம் மாறினால் புரதம் அசையும் விதமும் மாறுகிறது என்று 2024-ல் வெளியிட்டார்கள். தாங்கள் போட்ட பாதையைத் தாங்களே திரும்பித் தோண்டிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் அதைவிட நல்ல முன்மாதிரி அதிகம் இல்லை. உனக்குச் செய்முறையாக ஒன்று சொல்கிறேன்: பலத்தைப் பாதியாக்கு. சிக்னல் பாதியாகிறதா பார். கால் பங்காகிவிட்டால் நீ ஏற்கெனவே வேறு ஊரில் இருக்கிறாய்.

7. நிறுத்த முடியாத ஆட்டத்தை அளந்து வை. எக்ஸ் கதிர் லேசரில் ஒவ்வொரு துடிப்பும் நாம் சொன்ன கணத்தில் வராது. நூறு ஃபெம்டோ விநாடிக்கு மேலும் முன்னே பின்னே வரும். கிலோமீட்டர் நீளமுள்ள இயந்திரத்தை அதைவிட இறுக்கிப் பிடிப்பது லேசல்ல. அப்படியானால் 80 ஃபெம்டோ விநாடியில் முடிந்துபோகும் ஒன்றை எப்படிப் பார்ப்பது? அங்கே இருந்தவர்கள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதோடு நிற்கவில்லை. மெல்லிய சிலிக்கன் நைட்ரைடு சவ்வு ஒன்றை எக்ஸ் கதிரின் வழியில் வைத்தார்கள். எக்ஸ் கதிர் பட்ட கணத்தில் அந்தச் சவ்வு ஒளியைக் கடத்தும் விதம் சட்டென்று மாறும். வானவில் மாதிரி நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி நீட்டிய லேசர் ஒளியை அதே சவ்வின் வழியே அனுப்பினால், எந்த நிறத்தில் அந்த மாற்றம் தெரிகிறதோ அதுதான் துடிப்பு வந்த நேரம். ஒவ்வொரு படத்துக்கும் அதன் நேரத்தைக் குறித்து, பிற்பாடு வரிசையாக அடுக்கிக்கொள்வார்கள். எனக்கு இதில் பிடித்தது, நிறுத்த முடியாததை அளந்து வைத்துக்கொள்ளும் அந்த மனசு. வாழ்க்கையிலும் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் அது வந்தது.

8. கண். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதை மட்டும் மறக்கவே கூடாது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் வாசலில் கழற்று. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள். லேசர் ஓடும் உயரத்துக்குத் தலையைக் குனியாதே. கீழே விழுந்த திருகாணியை எடுக்கப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடு. 800 நானோமீட்டர் ஒளி பார்ப்பதற்கு மங்கிய சிவப்பாக, ஒன்றுமில்லாதது போல இருக்கும். இமை மூடுவதற்கு முன் விழித்திரை வெந்துவிடும். நீ ஒளி பார்க்கும் ஒவ்வொரு முறையும் உன் கண்ணுக்குள் ரெட்டினால் என்ற மூலக்கூறு 200 ஃபெம்டோ விநாடியில் முறுக்கித் திரும்புகிறது என்று 1991-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். நாம் ஆராயும் வினைகளிலேயே அருமையானது அது. அதைக் காப்பாற்றிக்கொள்.

9. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. நான் இருந்த ஓரிடத்தில் லேசரைப் பராமரித்த பெரியவர் ஒருவர் இருந்தார். காலையில் வந்ததும் எதையும் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார். லேசரைக் குளிர்விக்கும் சில்லரின் தண்ணீர்ப் பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்பார். பிறகு தரையில் கிடக்கும் குழாய்களை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒரு நாள், "இன்றைக்குப் பகல் பதினோரு மணிக்கு மேல் பவர் இறங்கும்" என்றார். 11.20-க்கு இறங்கியது. சில்லரின் ஃபில்டரில் பாசி பிடித்துத் தண்ணீர் மெதுவாகப் போயிருக்கிறது. அது அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கட்டுரைகளில் அவர் பெயர் வராது. நீ எழுதும்போது நன்றியுரையில் அப்படிப்பட்டவர் பெயரை முதலில் எழுது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீ தினமும் உபயோகிக்கப் போகும் லேசருக்கு அடிப்படை, துடிப்பை முதலில் நீட்டி, நீட்டியபின் பெருக்கி, பெருக்கியபின் சுருக்கும் முறை. நேரடியாகப் பெருக்கினால் பெருக்கும் பொருளே பொசுங்கிப்போகும். இதை 1985-ல் ராச்செஸ்டரில் ஜெரார்ட் மூரூவும் அவருடைய மாணவி டோனா ஸ்ட்ரிக்லண்டும் செய்தார்கள். ஸ்ட்ரிக்லண்டின் முதல் ஆய்வுக் கட்டுரை அது. நோபல் வந்தது 2018-ல், 33 வருடம் கழித்து. ஒரு மாணவி ஒழுங்காகச் செய்த வேலையின் மேல்தான் நாம் எல்லோரும் நிற்கிறோம். நீ புதியவள் என்பதால் உன் வேலையும் சின்னது என்று நினைத்துக்கொள்ளாதே.

10. கணிக்கிறவரிடம் முன்கூட்டியே விடையைக் காட்டாதே. சைக்ளோஹெக்ஸாடையீன் என்று ஒரு மூலக்கூறு. ஆறு கார்பன் கொண்ட வளையம். 267 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டால் ஒரு பிணைப்பு அறுந்து, வளையம் திறந்து, சங்கிலியாகிவிடும். திறக்கும்போது இரு முனைகளும் எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று உட்வர்டும் ஹாஃப்மனும் 1965-லேயே விதி சொல்லியிருந்தார்கள். ஐம்பது வருடம் கழித்து, 2015-ல், பிரவுன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் வெபரும் அவரோடு சேர்ந்தவர்களும் எல்.சி.எல்.எஸ்.ஸில் அந்த வளையம் சுமார் 80 ஃபெம்டோ விநாடியில் திறப்பதை எக்ஸ் கதிர்ச் சிதறலால் பின்தொடர்ந்தார்கள். 2019-ல் எலெக்ட்ரான்களை வைத்தும் இதே வளையத்தைப் பார்த்துவிட்டார்கள். இதையெல்லாம் படிக்கும்போது அணுக்களை நேரில் பார்த்த மாதிரி தோன்றும். உண்மையில் டிடெக்டரில் விழுவது மங்கலான வட்டங்கள். அணுக்களுக்கிடையே தூரம் மாறும்போது சில வட்டங்கள் சற்றே வெளுக்கும், சில சற்றே கறுக்கும். அந்த வெளுப்பிலிருந்தும் கறுப்பிலிருந்தும் அணுக்களின் இடத்துக்குப் போக, கணினியில் மூலக்கூறை ஆயிரம் விதமாக ஓடவிடும் நண்பர் ஒருவர் வேண்டும். எந்த ஓட்டங்களைச் சேர்த்தால் நீ அளந்த வட்டம் வருகிறது என்று அவர் பார்ப்பார்.

ஆபத்தும் அங்கேதான். ஆயிரம் ஓட்டங்களில் ஏதோ ஒரு கூட்டணி உன் அளவோடு பொருந்தத்தான் செய்யும். என் நண்பரிடம் நான் அளந்ததை முதலில் காட்டிவிட்டுத்தான் கணிக்கச் சொன்னேன். கணித்தார், அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். அடுத்த வருடம் வேறொருவர் முற்றிலும் வேறு பாதையை வைத்துக் கணித்து அதே அளவோடு அதே அழகாகப் பொருத்திக் காட்டினார். எது உண்மை? இன்றைக்கும் அந்தக் கட்டுரையை எடுத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். சோதனைக்குக் கிளம்புமுன் அவர் தன் கணிப்பை அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, ஆய்வக அலமாரியின் மேல்தட்டில் வைப்பார். அளந்து, பகுத்து, என் வரைபடத்தை நானும் கையெழுத்துப் போட்டு வைத்த பிறகுதான் உறையைப் பிரிப்போம். ஐந்து உறைகளில் இரண்டு பொருந்தின. பொருந்தாத மூன்றில்தான் நாங்கள் இருவரும் ஏதாவது கற்றுக்கொண்டோம்.

11. வீட்டுக்குச் சொல்லும்போதும் சரியாகச் சொல். "மூலக்கூறின் சினிமா எடுக்கிறோம்" என்று சொன்னால் எல்லோருக்கும் பிடிக்கும், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரே மூலக்கூறைத் தொடர்ந்து எடுத்த படம் இல்லை அது. ஒவ்வொரு காட்சியிலும் வேறு வேறு மூலக்கூறுகள், கோடிக்கணக்கில், ஒன்றாகச் சேர்ந்து கொடுத்த சராசரி. எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. ஒளி பட்ட அந்த வளையங்களில் ஒரு பகுதி திறக்காமல் பழையபடி வளையமாகவே அடங்கிவிடும். சங்கிலியானவையும் ஆளுக்கொரு கோணத்தில் சுழன்றுகொண்டிருக்கும். இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சுவாரஸ்யம் குறையும் என்று பயந்து மறைத்திருக்கிறேன். என் அத்தை ஒருத்தியிடம் ஒரு நாள் முழுசாகச் சொன்னேன். "கல்யாண வீட்டு வாசலில் நின்று நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்தால், பந்தி எப்போது தொடங்கியது என்று தெரியுமில்லையா, அந்த மாதிரியா?" என்றாள். இத்தனை வருடத்தில் அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

12. பீம் டைம் கிடைத்தால் தூக்கத்தைக் கணக்கில் வை. எக்ஸ் கதிர் லேசரில் நேரம் கேட்டு விண்ணப்பிப்பவர்கள் பலர், கிடைப்பது சிலருக்கு. கிடைத்தாலும் சில நாள்தான். அதனால் ஒவ்வொரு நிமிடத்தையும் பிழிய வேண்டும் என்று தோன்றும். மாதிரியைப் பாய்ச்சும் திரவ ஜெட் அடைத்துக்கொள்ளும், வெற்றிடம் இறங்காது, மாதிரி தீர்ந்துபோகும். இதெல்லாம் எல்லோருக்கும் நடக்கும், இதற்கெல்லாம் கலங்காதே. ஆனால் இரவு மூன்று மணிக்குத் திட்டத்தை மாற்றாதே. பதறாத காரியம் சிதறாது என்று பாட்டி சொல்வாள். ஃபெம்டோ விநாடிக்கும் அது பொருந்தும். எந்தப் படங்களைத் தள்ள வேண்டும் என்ற விதியைத் தூங்கி எழுந்த தலையோடு, தரவைப் பார்க்கும் முன்னால், நோட்டில் எழுதிவிடு. பார்த்த பிறகு எழுதினால் உனக்குப் பிடிக்காத புள்ளிகளெல்லாம் கெட்ட புள்ளிகளாகத் தெரியும்.

எங்கள் காலத்தில் ஒரு சாக்கு உண்டு: போதிய துடிப்பு இல்லை. எல்.சி.எல்.எஸ். விநாடிக்கு 120 துடிப்புதான் கொடுத்தது. ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் ஒரு கோடி. 2023 செப்டம்பரில், மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்வித்த புதிய முடுக்கியோடு அதன் அடுத்த தலைமுறை ஒளிர்ந்தது. அது விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு வரை கொடுப்பதற்காகக் கட்டப்பட்டது. எங்கள் ஒரு நாள் உனக்குப் பத்து விநாடி. எனக்குப் பொறாமையாக இல்லை, கண்ணு, பெருமையாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வை: இரைச்சலை எண்ணிக்கை குறைக்கும். நகர்ந்துபோன பூஜ்ஜியத்தை எத்தனை கோடி துடிப்பும் திருப்பிக் கொண்டுவராது.

13. ஷிஃப்ட் முடிந்ததும் வெளியே வா. ஜன்னல் இல்லாத அறையில், மஞ்சள் வெளிச்சத்தில் நாள் கணக்கில் இருந்துவிடுவாய்; நானும் இருந்திருக்கிறேன். ஒரு முறை ஐந்தாவது நாள், பத்தரை மணி வெயிலில் வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். சோதனை தோற்றிருந்தது. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. தோலுக்குள் கொலஸ்டிராலின் உறவான ஒரு மூலக்கூறு இருக்கிறது. அதன் நடுவில் சைக்ளோஹெக்ஸாடையீனில் உள்ள அதே ஆறு கார்பன் வளையம். வெயிலின் புற ஊதா பட்டதும் அது திறக்கிறது. திறந்தது பிறகு உடம்புச் சூட்டில் மெதுவாக, மணிக்கணக்கில், வைட்டமின் டி ஆக மாறுகிறது. உள்ளே ஐந்து நாளாக நாங்கள் பிடிக்க முடியாமல் தவித்தது என் முழங்கையில், ஒரு லேசரும் இல்லாமல், நடந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். பிறகு எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்குப் போன் பண்ணு; அவள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.